கேட்டவர் முடிச்சு

உப்பளங்களைத் தாண்டி, கடலுக்குச் சற்று முன்னால் அந்தப் பள்ளி இருந்தது. நான்கு பூவரச மரங்கள், ஓர் ஓலைக் கொட்டகை. குரு அங்கேயே தங்கியிருந்தார். அவருடைய சீடர் உலகநாதன் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பருவம் தொடங்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையின் வலது மணிக்கட்டிலும் ஒரு நூல் கட்டுவார்கள். நுனி ஒரு முழம் தொங்கும். அன்று படித்த பாட்டைப் பிள்ளை வீட்டில் போய் ஒப்பிக்க வேண்டும். கேட்டவர் அந்த நுனியில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். பருவத்துக்கு முப்பத்தொரு பாட்டு.

கடைசி நாளில் முதலில் நூலைப் பார்ப்பார்கள். பிறகுதான் பாடம் கேட்பார்கள். முடிச்சு பொய் என்று தெரிந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு அனுப்புவது என்றால் உப்பளத்துக்கு அனுப்புவது.

அன்று கடைசி நாள்.

கோயில் கணக்குப்பிள்ளையின் மகன் நெல்லையப்பன் முதலில் கையை நீட்டினான்.

"யார் யார் போட்டது?" என்று கேட்டார் உலகநாதன்.

"இறுக்கமா இருக்குல்லா, இதெல்லாம் தாத்தா. இது சித்தப்பா. இது அம்மை. இந்தக் கோணல் எல்லாம் அத்தை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நான் தடுமாறினா தலையில கொட்டுவா."

பிள்ளைகள் சிரித்தார்கள். உலகநாதனும் சிரித்தார்.

அடுத்து முத்துப்பேச்சி வந்தாள். பத்து வயது. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா உப்பு வாருகிறவள்.

அவள் கையை மெதுவாக நீட்டினாள். முப்பத்தொரு முடிச்சும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நூல் பல் பட்டு நைந்திருந்தது.

"இது யார் போட்டது? உங்க அம்மையா?"

"அம்மைக்கு விரல் எல்லாம் வெடிச்சிருக்கு ஐயா. நூல் பட்டா எரியும்."

"அப்போ யாரு?"

"நாந்தான்."

"ஒப்பிச்சியா இல்லையா?"

"ஒப்பிச்சேன். அம்மை உக்காந்து கேக்கும். ரெண்டாவது வரியில தூங்கிரும்."

"உன் பாட்டு அப்படி," என்றான் நெல்லையப்பன். மறுபடியும் சிரிப்பு.

முத்துப்பேச்சி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு கேட்டாள்:

"தூங்கிட்டா, கேட்டதுல சேராதா ஐயா?"

"சேராது," என்றார் உலகநாதன். அவள் கையிலிருந்த நூலை அறுத்து எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போ."

அவள் பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் உலகநாதன் அந்த நூலைக் குருவின் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார்.

"பாடம் கேட்டாயா?" என்றார் குரு.

"முடிச்சே பொய் ஐயா. பாடம் எதற்கு? கேட்டிருந்தாலும் தெரிந்ததுதான். விண்மீன் பாட்டில் 'வடக்கே ஒளிரும் மீன்கள் ஏழு' என்று ஒரு வரி. அவள் ஆறு என்பாள். பருவம் முழுக்க அதே ஆறு. இங்கே திருத்தினால் ஏழு என்று சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் வரும்போது மறுபடியும் ஆறு."

"ஏன்?"

"மண்டையில் ஏறவில்லை. எல்லாருக்கும் ஒரே மரத்தடி, ஒரே பாட்டு. சொல்லுகிற வாயும் ஒன்றுதான். நெல்லையப்பனுக்கு ஏறுகிறதே."

குரு எழுந்து போய் ஒரு புது நூல் எடுத்து வந்தார். உலகநாதனின் வலது மணிக்கட்டில் கட்டினார். நுனியை ஒரு முழம் தொங்கவிட்டார்.

"முடிச்சுப் போட்டு வா. யாரிடமும் உதவி கேட்காதே."

"எத்தனை ஐயா?"

"முடிந்தவரை."

உலகநாதன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இடது கையால் நூலை வளைத்தார். அது நழுவியது. நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்தார். வளையம் பெரிதாகி, இறுகாமல், காற்றில் பிரிந்தது. வெயில் சாயும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வாயெல்லாம் நூலின் பிசிர். பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு தடவை கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, யாரும் சொல்லாமலே உப்பளத்துக்குப் போனார்.

வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே அம்மாவும் மகளும் தெரிந்தார்கள். தன்னைவிட உயரமான கழியைப் பிடித்துக்கொண்டு முத்துப்பேச்சி உப்பை வரப்பின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு வரி சொன்னாள்.

"வடக்கே ஒளிரும் மீன்கள் ஆறு."

"ஏழு," என்றார் உலகநாதன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏழு," என்றாள் உடனே.

"பள்ளிக்கு வா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"பேரு குடுத்தாச்சு ஐயா. கங்காணி இவளுக்கும் ஒரு பாத்தி ஒதுக்கிட்டாரு."

"நான் கங்காணியிடம் பேசுகிறேன்."

"என்னன்னு பேசுவீக? நேத்துப் பொய்யாப் போன முடிச்சு இன்னைக்கு நிசமாயிருச்சுன்னா?"

உலகநாதன் தன் மணிக்கட்டில் தொங்கிய நூலைப் பார்த்தார்.

"நான் தூங்குனது என் தப்புதான்," என்றாள் அம்மா. "உக்காந்தா கண்ணு தானா மூடிருது. இவ பாட்டுச் சத்தம் மட்டும் தூக்கத்துல கேட்டுக்கிட்டே இருக்கும். சரி, வெயில் ஏறுது. வழி விடுங்க."

அவர் வரப்பிலிருந்து விலகி நின்றார். முத்துப்பேச்சி கழியை மறுபடியும் ஊன்றினாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அந்த ஒரு வரிதானா ஐயா? மிச்சப் பாட்டெல்லாம் சரியா இருந்துச்சா?"

அந்த ஒரு வரியைத் தவிர வேறெதையும் அவர் கவனித்ததே இல்லை.

திரும்பி நடந்தார்.

குரு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். நைந்த நூல் அவர் மடியில் கிடந்தது.

"வந்தாளா?"

"இல்லை ஐயா."

உலகநாதன் அவர் அருகில் உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இந்த வழக்கம் தாங்கள் வைத்தது."

"ஆமாம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஆறு பேர். ஒருவர் அசந்தால் இன்னொருவர் கேட்டுத் திருத்துவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்." குரு கையை நீட்டினார். "உன் நூலைக் காட்டு."

உலகநாதன் காட்டினார்.

"மூன்று போட்டேன். இரண்டு அவிழ்ந்துவிட்டன."

குரு மடியிலிருந்த நூலை எடுத்தார். இரு முனையையும் பிடித்து அழுத்தி இழுத்துப் பார்த்தார். ஒரு முடிச்சும் அசையவில்லை.

"இதில் எத்தனை?"

"முப்பத்தொன்று ஐயா."

"அதில் நாம் காது கொடுத்துக் கேட்ட பாட்டு எத்தனை?"