மங்கள வார்த்தையின் இரண்டாம் பாதி

"நோயாளிக்குச் செபம் கஞ்சி மாதிரி" என்று பழைய பங்குச்சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். சூடாக இருக்க வேண்டும் என்றாரா, தண்ணியாக இருக்க வேண்டும் என்றாரா, தொம்மைக்கு மறந்துவிட்டது.

தொம்மை மஸ்கட்டில் வெல்டராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வீடுகளில் செபம் நடத்த சிஸ்டர் அமலோற்பவத்திடம் பழகிக்கொண்டிருந்தார். சிஸ்டர் வயதில் இளையவர். தொம்மையை "அண்ணே" என்பார். திட்டும்போதும் அதே "அண்ணே"தான்.

தொம்மையின் மனைவி செசிலிக்கு நுரையீரலில் நோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஒரு மாலை தொம்மை கன்னியர் மடத்துக்கு வந்தார்.

"சிஸ்டர், வீட்டுல செபமாலைய நிறுத்திரலாம்னு பாக்குறேன்."

"அக்காவுக்கு வேண்டாமா, உங்களுக்கு வேண்டாமா?"

"அவளுக்கு வேணும். மணிக்கு மணி மங்கள வார்த்தை செபம் வருதுல்ல, அதுல அவ முதல் பாதி சொல்லுவா. இரண்டாம் பாதி நான் சொல்லணும். அதுல 'எங்கள் மரண நேரத்திலும்'னு வருதே சிஸ்டர். அவ முகத்தப் பாத்து அத எப்படிச் சொல்ல?"

"இப்ப என்ன செய்றீங்க?"

"'இப்பொழுதும் வேண்டிக்கொள்ளும்'னு முடிச்சு, ஆமென் போட்டுருவேன்."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாதாகிட்டயே வெட்டிக் குடுக்கிறீங்களா அண்ணே?"

தொம்மை சிரிக்கவில்லை. "மாதா அவளப் பொழைக்க வைக்கட்டும். முழுசாவே சொல்றேன்."

சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டார். இருவரும் தொம்மையின் வீட்டுக்கு நடந்தார்கள்.

செசிலி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும்.

"வாங்க சிஸ்டர். இவரு பாடம் ஒழுங்காப் படிக்காரா?"

"அரைப் பாடந்தான் படிக்காரு. ரெண்டு பேரும் சொல்லுங்க அக்கா, கேக்கேன்."

செசிலி செபமாலையை எடுத்தாள். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று தொடங்கினாள். சொல்லுக்குச் சொல் நின்று, ஒருவழியாக "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" வரை வந்து முடித்தாள். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் வேண்டிக்கொள்ளும், ஆமென்" என்றார் தொம்மை.

செசிலி செபமாலையின் அடுத்த மணியைப் பிடித்து வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இருமல்தான் வந்தது. தொம்மை பதறி முதுகைத் தடவினார்.

இருமல் அடங்கியதும் சிஸ்டர் கேட்டார். "அண்ணன் எப்படி அக்கா சொல்றாரு?"

"இவரா? ஃபிளைட்டு பிடிக்கப் போறவரு மாதிரி. இவரு சொல்ற நேரத்துலதான் சிஸ்டர் நான் மூச்சு வாங்குறேன். பாதியில முடிச்சுட்டா நான் எப்ப வாங்க?"

தொம்மையின் கை அவள் முதுகிலேயே நின்றது.

"அந்த வார்த்தை ஒன் காதுல விழ வேண்டாம்னுதான் செசிலி..."

"எந்த வார்த்தை?"

தொம்மை அவள் தலையணையைச் சரிசெய்தார்.

"ஓ, அதுவா" என்றாள் செசிலி. "அந்த நேரத்துக்குத் தொணைக்கு வான்னுதான மாதாவக் கூப்பிடுறேன். அதப் போயி வெட்டிட்டீங்களே."

வாசலில் சிஸ்டர் செருப்பை மாட்டும்போது தொம்மை தணிந்த குரலில் கேட்டார்.

"சிஸ்டர், அவ பொழைப்பாங்குற நம்பிக்கை எனக்கு இல்ல. அது இல்லாமச் சொன்னா அது செபமாகுமா?"

சிஸ்டர் குடையை விரித்தார்.

"மெதுவாச் சொல்லுங்க அண்ணே. அக்கா மூச்சு வாங்கட்டும்."

தொம்மை உள்ளே போய்க் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டாம் பாதியை முழுவதும் சொல்வது என்று முடிவு செய்தார்.