உப்புத் தகடு

சரக்கு வந்தால் மட்டும் ரிப்பேராகும் மெஷினைப் பார்த்ததுண்டா? எங்கள் ஆய்வகத்தில் ஒன்று இருந்தது. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, இன்ன பொருள் என்று சொல்லிவிடும்.

“மெஷின் ரிப்பேர். சுத்தமான அசிட்டோன்னு கையெழுத்துப் போடும்மா,” என்று புதிதாக வந்த கரைப்பான் கேனைக் காட்டி, முதலாளி முன்னாலேயே அதட்டினார் மேனேஜர் தணிகாசலம். போன தடவை அப்படிக் கையெழுத்துப் போட்டவருக்கு, சரக்கில் கலப்படம் என்று பிறகு தெரிந்து வேலை போயிருந்தது.

புதிதாகச் சேர்ந்த எஸ்தருக்குச் சந்தேகம். மெஷினில் மாதிரி வைக்கும் விலையுயர்ந்த உப்புத் தகட்டை எடுத்தாள்.

“சரி சார். அதுக்குள்ள தகட்டை இந்த அசிட்டோன்லயே கழுவி வச்சிடறேன். எப்பவும் அதுலதானே கழுவுவோம்?”

மேனேஜர் பாய்ந்து தகட்டைப் பிடுங்கினார். “புத்தியிருக்கா? தண்ணி பட்டா உப்பு கரைஞ்சிடாது?”

“தண்ணியா? சுத்தமான அசிட்டோன்னு சொன்னீங்களே சார்!”

முதலாளி எழுந்துபோய் மெஷின் சுவிட்சைத் தட்டினார். நன்றாகவே ஓடியது.