சின்னப் பலகையும் ராயரின் அதிரசமும்

மருதங்கோட்டு அரசர் திருமேனி ராயரின் சபையில் விகடகவியாக இருந்த கூத்தபிரானுக்குத் தெரியாத வித்தை ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓட்டத் தெரியாது. அதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் மனைவி மரகதவல்லியைத் தவிர. அவள் தங்கைக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்.

"சபையையே வாயால ஓட்டறீங்க. ரெண்டு மாட்டை ஓட்ட முடியாதா?" என்றாள் அவள். "இந்தத் தடவை அடுத்தவங்க வண்டியில ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேன். நம்ம வண்டி, நீங்க ஓட்டணும். இல்லேன்னா நீங்களே தனியாப் போய் அட்சதை போட்டுட்டு வாங்க."

மாமனார் வீட்டுக்குத் தனியாகப் போய் நிற்பதா! கூத்தபிரான் அன்றே மாடும் வண்டியும் வாங்கினார், சாட்டை வாங்கினார், ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஆனால் ஓட்டினால் போதாது. தளவாய் வீரப்பெருமாள் முன்னால் ஊரைச் சுற்றிக் காட்டி முத்திரை வாங்கினால்தான் வண்டி வெளியூர் போகலாம். ராயர் வீதிக்கு வீதி பலகை நட்டிருந்தார். மேலே பெரிய பலகையில் படம், அதன் கீழே சின்னப் பலகையில் இரண்டொரு வார்த்தை. கூத்தபிரான் எல்லாவற்றையும் நெட்டுரு போட்டுவிட்டார்.

புதன்கிழமை சோதனை. கிழக்கு வீதி முனையில் ஒரு பலகை. மேலே வண்டிப் படம், குறுக்கே சிவப்புக் கோடு. கீழே 'பாரம் ஏற்றிய வண்டிகளுக்கு மட்டும்' என்று எழுத்து. அவர் வண்டி காலி. நிம்மதியாக உள்ளே திருப்பினார்.

தளவாய் குதிரையைக் குறுக்கே விட்டார். ஒரு முறை கூத்தபிரான் அவர் மீசையைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்குச் சபையே சிரித்தது. அதைத் தளவாய் மறக்கவில்லை.

"மேல என்ன படம்?"

"வண்டி. குறுக்கே கோடு."

"அப்புறம் எப்படி நுழைஞ்சீர்?"

"கீழே படிச்சேன். என் வண்டியிலதான் பாரமே இல்லையே, என்னைத் தவிர."

"உம்ம வாய் ஒண்ணே பெரிய பாரம்" என்று சொல்லி, தளவாய் மாட்டையும் வண்டியையும் அரண்மனைக் கொட்டடியில் கட்டிவிட்டார்.

வழக்கு அன்றே சபைக்குப் போனது. ராயர் சாப்பாட்டுக்கு மேல் நாலு அதிரசமும் உள்ளே தள்ளிவிட்டு, கண் செருக உட்கார்ந்திருந்தார்.

"மகாராஜா, பெரிய பலகை உங்க வாக்கு. சின்னப் பலகை யாரோ எழுத்தன் ஒட்டினது" என்றார் தளவாய். "ராஜாவோட கட்டளைக்கு எதுக்கு ஒரு வாலு?"

ராயருக்கு அது இனித்தது. "சரியாச் சொன்னீர். இன்னையிலேர்ந்து மருதங்கோட்டுல பெரிய பலகைதான் செல்லும். சின்னது செல்லாது."

வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே நாள்தான் இருந்தது. கூத்தபிரான் பணிவாக ஒன்று கேட்டார். "அரண்மனைக்குள்ளேயும் அப்படித்தானா மகாராஜா?"

"அரண்மனை என்ன வேற நாட்டுலயா இருக்கு? இங்கேயும்தான்."

தளவாய் வாய்விட்டுச் சிரித்தார். கூத்தபிரான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் தைரியம் இல்லை. நேராக மடைப்பள்ளிக்குப் போய்ச் சமையற்காரர் அனந்தப்பனிடம் புதுச் சட்டத்தைச் சொல்லிவிட்டு, கதவைக் கொஞ்ச நேரம் அன்போடு பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை ராயர் சபையோருடன் பந்தியில் உட்கார்ந்தார். பொங்கல் வந்தது, வடை வந்தது. பிறகு ஆளுக்கு இரண்டு அதிரசம். ராயர் இலையில் மட்டும் இல்லை. பக்கத்து இலையில் தளவாய் ஒன்றை நெய் வடிய எடுத்துக் கடித்தார். ராயர் அதையே பார்த்தார்.

"அனந்தப்பா, என் இலையில என்ன குறையுதுன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க மகாராஜா. ஆனா மடைப்பள்ளிக் கதவுல பலகை இருக்குங்களே. உங்க கிரீடம் போட்ட இலையில அதிரசப் படம், குறுக்கே கோடு, மேல உங்க முத்திரை."

"அது ராத்திரிக்குய்யா. அஜீரணம்னு வைத்தியர் வைக்கச் சொன்னது. கீழேயே எழுதியிருக்கே, 'விளக்கு வைத்த பிறகு மட்டும்'னு."

"அது சின்னப் பலகைங்க" என்றார் அனந்தப்பன், கைகட்டிக்கொண்டு. "நேத்துலேர்ந்து செல்லாதுங்க."

தளவாய்க்கு வாயில் இருந்த அதிரசம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ராயர் மெதுவாகத் திரும்பினார். கூத்தபிரான் தலையைக் குனிந்து பொங்கலில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கூத்தபிரான், இது உம்ம வேலைதானே?"

"நான் உங்க சட்டத்தைச் சொன்னேன் மகாராஜா, வேற ஒண்ணும் செய்யலை. பெரிய பலகை எது கூடாதுன்னு சொல்லும். யாருக்கு, எப்போ, எதுவரைக்கும்னு சொல்றது கீழே இருக்கிற சின்னதுதான். அதைக் கழட்டிட்டா பெரியதுக்கு நிதானம் கிடையாது. என் காலி வண்டியையும் பிடிக்கும், உங்க காலை அதிரசத்தையும் பிடிக்கும்."

ராயர் முறைத்தார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார். "அனந்தப்பா, முதல்ல நாலு அதிரசம் கொண்டா. அப்புறம் நியாயம் பேசுவோம்."

நாலும் போன பிறகு நியாயம் கிடைத்தது. சின்னப் பலகை மறுபடி செல்லும். கூத்தபிரானுக்கு மாடு, வண்டி, முத்திரை மூன்றும் உண்டு. தளவாய் வருகிற சந்தை நாள் முழுக்கக் கிழக்கு வீதி முனையில் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் சின்னப் பலகையை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் கூத்தபிரான் தானே வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். மரகதவல்லி வாசலில் நின்று பார்த்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிக்குள் ராயர் அனுப்பிய பெரிய கூடை ஒன்றும் இருந்தது. அதில் கட்டியிருந்த பலகையில் 'கூத்தபிரானுக்கு ராயர் பரிசு' என்று கொட்டை எழுத்து. துணியை விலக்கினால், கூடை நிறைய அதிரசம்.

நின்ற நிலையிலேயே இரண்டைத் தின்றார். மூன்றாவதற்குக் கை போனபோது மரகதவல்லி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கீழே சின்னதா ஒண்ணு தொங்குதே, படிச்சீங்களா?"

கூத்தபிரான் குனிந்து பார்த்தார். 'கல்யாண வீட்டுச் சீர்வரிசைக்கு மட்டும்' என்று ராயரே தன் கையால் எழுதியிருந்தார்.

"படிக்கலை" என்றார் கூத்தபிரான், வாயைத் துடைத்துக்கொண்டு.

"அப்போ சந்தை நாளன்னைக்குத் தளவாய்க்குப் பக்கத்துல உங்களுக்கும் ஒரு இடம் போடச் சொல்லட்டுமா?" என்றாள் மரகதவல்லி.