மேகப்படம் பார்த்த தவளை

நாணல்காட்டுக் குளத்துக்கு மழைராசு என்ற தவளைதான் அதிகாரி. குளத்து மடையைத் திறப்பதும் மூடுவதும் அவனுடைய கம்ப்யூட்டர் வழியாகத்தான். அந்தக் குளத்தில்தான் அவன் பிள்ளைகளும் நீந்தின. இன்னும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள். தண்ணீர் இல்லையென்றால் அவற்றுக்கு உயிர் இல்லை.

அது பொல்லாத கோடை. மழைராசு தன் பிரவுசரில் ஒரு பிளகின் மாட்டி வைத்திருந்தான். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிச் செயலி அது. எங்கே மேகம் திரள்கிறது என்று படம் காட்டும். அதைப் பார்த்தால்தான் அவனுக்கு ஈசல் தொண்டையில் இறங்கும்.

காட்டிலுள்ள கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவள் வேலாயி என்ற கீரி. அப்டேட் வந்தால் தன் வளையிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஏற்றிவிடுவாள். மழைராசுவுடையதை மட்டும் தொட முடியாது. "என்னைக் கேக்காம என் மெஷின்ல கை வைக்கக் கூடாது!" என்று அவன் உத்தரவு போட்டிருந்தான். அதிகாரி அல்லவா!

ஒருநாள் வேலாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐயா, அந்த மேகப் பிளகின்ல ஒரு ஓட்டை இருக்கு! அது வழியா யார் வேணும்னாலும் உள்ள புகுந்துடலாம். அப்டேட் போட்டு அடைச்சிடறேன். பிரவுசரைக் கொஞ்சம் மூடுங்க!"

"மூடினா மேகம் போயிடுமே!"

"போனாலும் திரும்ப வந்துடும், ஐயா."

"வடக்கே ஒண்ணு கறுத்துக்கிட்டு வருது. இப்பப் போய் மூடச் சொல்றியே! நாளைக்குப் பார்க்கலாம்."

"மான் ஆபீஸ், முயல் ஆபீஸ் எல்லாம் போட்டாச்சு. உங்களது ஒண்ணுதான் பாக்கி!"

"ஓட்டையாம் ஓட்டை! என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே! நாளைக்கு வாம்மா!"

மறுநாளும் வந்தாள். மறுநாளும் நாளைதான். உத்தரவை மீறி அப்டேட் போட அவளுக்கும் துணிச்சல் இல்லை. கிணற்றுத் தவளையைத்தான் எல்லாரும் கேலி செய்வார்கள். இந்தக் குளத்துத் தவளைக்கோ அந்தப் படத்தைத் தாண்டி உலகமே இல்லை!

குளக்கரையில் நெட்டையன் என்ற நாரை நின்றுகொண்டிருந்தது. காத்திருப்பதில் நாரையை மிஞ்ச ஆள் உண்டா? அடைபடாத ஓட்டையை அது எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. ஒரு நடுப்பகலில் அதன் வழியே மழைராசுவின் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. மடையைத் திறந்துவிட்டது.

மழைராசு மேகம் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே சோவென்று தண்ணீர் ஓசை கேட்டது.

"மழை! மழை வந்திடுச்சு!" என்று துள்ளி வெளியே ஓடினான்.

மேலே வெயில் கொளுத்தியது. கீழே மடை வாயைப் பிளந்து நின்றது. பாவி மனம் பதறிப்போனது! திரும்பி ஓடி, "மூடு! மூடு!" என்று பொத்தானை மாறி மாறி அழுத்தினான். கம்ப்யூட்டர் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

சேதி தெரிந்து வேலாயி வந்தாள். மின்கம்பியைப் பிடுங்கினாள். துருப்பிடித்த சக்கரத்தைக் கையாலேயே சுற்றி மடையை மூடினாள். அதற்குள் குளத்தில் சேறுதான் மிஞ்சியிருந்தது. அந்தச் சேற்றில் நெட்டையனும் கூட்டாளி நாரைகளும் வரிசையாகக் குனிந்து கொத்திக்கொண்டிருந்தன.

"வேலாயி... என் புள்ளைங்கம்மா..." என்றான் மழைராசு.

அவள் சேற்றில் இறங்கித் தேடினாள்; ஒரு தலைப்பிரட்டைகூடக் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்டேட் போட்டாள். ஒரு ஈயை விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான், ஐயா."

திரையில் மேகம் திரும்ப வந்தது. சில நாளில் நிஜ மழையும் வந்தது. குளம் நிரம்பித் தளும்பியது. அக்கம்பக்கத்துத் தவளைகளெல்லாம் தத்தம் குஞ்சுகளைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்தின. மழைராசு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் யாரைக் கூப்பிடுவான்?

ஓட்டை இருக்கிறதென்று தெரிந்த அன்றே அதை அடைத்துவிட வேண்டும்; எல்லாம் பறிபோன பிறகு அடைப்பது காலி வீட்டுக்குப் பூட்டுப் போடுவதுதான்.