கடலில் நின்ற லாரிகள்

லாரி எப்படிக் கடலில் நிற்கும் என்று சீடர் கேட்டார்.

குரு பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சீடர் குழந்தைவேலுக்கு வயது ஐம்பத்திரண்டு. குரு கோகிலவாணிக்கு முப்பத்து நான்கு. சங்ககிரியில், டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்த மலையரசி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. கம்ப்யூட்டர் வேலைக்கென்று வந்த அந்தப் பெண்ணை முதலில் கிண்டலாகத்தான் குருவம்மா என்றார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாத குணத்தைப் பார்த்த பிறகு கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வேலை இதுதான். கம்பெனி லாரி ஒவ்வொன்றிலும் ஒரு கருவி இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகம், எவ்வளவு டீசல் என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்காக அது சொன்னதெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களில் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தது. அத்தனையையும் திரட்டி, சுத்தம் பண்ணி, கண்ணுக்குத் தெரியாத கிளவுட் கிடங்கில் அடுக்க வேண்டும். அடுக்கிவிட்டால் எந்த வண்டி தண்டம், எந்த டிரைவர் சுணக்கம் என்று அடுத்த நிமிஷமே தெரிந்துவிடும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவரும் நம்பிவிட்டார்.

மேகத்தில் கிடங்கு என்ற பேச்சு குழந்தைவேலுக்கு ஆரம்பத்திலேயே பிடித்துப்போயிற்று. புக்கிங் ஆபீசிலேயே தலை நரைத்த மனிதர், குடோன்களைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. மேகத்துக்குள் ஷட்டர் போட்ட ஒரு குடோனும், சுமக்க ஆளில்லாமல் தானாக மிதந்து உள்ளே போகும் மூட்டைகளும் அவர் கண்ணுக்குள் வந்து வந்து போயின. அந்தக் குடோனுக்கு எந்த ரோட்டில் போக வேண்டும் என்று டிரைவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் ரோட்டைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது திரையில் உலகப் படம் விரிந்திருந்தது. கம்பெனி லாரிகள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. சேலம், ஓசூர், மைசூர் எல்லாம் சரி. ஆனால் அங்கே, ஆப்பிரிக்காவின் அக்குளுக்குக் கீழே, நீலக் கடலுக்கு நடுவில் ஒரு பெரிய கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

அதற்குக் காரணம் அவரேதான். மலையில், காட்டில், டவர் கிடைக்காத இடங்களில் கருவி வாயை மூடிக்கொள்ளும். வண்டி எங்கே என்ற கட்டம் காலியாக வரும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் குழந்தைவேலுக்குக் கை சும்மா இருக்காது. புக்கிங் ஆபீசில் அவர் பழகிய முதல் பாடமே அதுதான். காலியாக விட்ட கட்டத்தில் பின்னால் எவனாவது எதையாவது எழுதிவிடுவான். அதனால் ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம் போட்டு அடைத்துவிட வேண்டும். இங்கேயும் அப்படியே அடைத்துவிட்டார். அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம். பூமியில் அந்த இடம் கடலுக்குள் இருக்கிறது என்பதை அவர் எங்கே கண்டார், பாவம்.

டீ குடித்துவிட்டு வந்த குருவிடம், லாரி கடலில் நிற்காது, அழித்துவிடட்டுமா என்று கேட்டார்.

"அங்க என்ன பண்ணுதுங்கன்னு பாத்துட்டு அழிங்கண்ணா" என்றார் குரு.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் செருகியது.

கடல் சமதளமாக இருந்தது, நன்றாக மெழுகிய களம் மாதிரி. லாரிகள் வரிசையாக நின்றன. சக்கரம் நனையவில்லை. டிரைவர்கள் வண்டியடியில் அடுப்புப் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வெள்ளை லாரியின் பக்கத்தில் டிரைவர் மாரப்பன் குத்தவைத்து உட்கார்ந்து, கடல் தண்ணீரைக் கையால் அள்ளி டயரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இங்கே என்ன செய்கிறாய் மாரப்பா என்று கேட்டார் குழந்தைவேல்.

மாரப்பன் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"நீங்கதானுங்க இங்க அனுப்புனீங்க."

திடுக்கிட்டு விழித்தபோது மேஜை விசிறி அவர் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பொட்டுகளை இன்னொரு நொடி பார்க்கப் பிடிக்கவில்லை. கடலில் நின்ற அத்தனையையும் ஒட்டுமொத்தமாக அழித்தார். நீலம் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. குரு பார்த்தார்.

அடுத்த வாரம் முதல் ரிப்போர்ட் வந்தது. டிரைவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மாரப்பன் கடைசியில் இருந்தார்.

மைசூர் லைன் மாரப்பனுடையது. திம்பம் மலையேற மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால் வருஷக்கணக்காக அவர் ஒருத்தரே போய்வந்துகொண்டிருந்தார். மலையடியில் பண்ணாரியில் இருந்த வண்டி, அதற்குப் பிறகு மலைக்கு மேலே ஆசனூரில்தான் கண்ணில் பட்டது. நடுவில் இருந்ததைத்தான் குழந்தைவேல் அழித்துவிட்டாரே. கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டது. கூப்பிடு தூரத்தைக் கடக்க அரைப்பொழுது ஆக்கியிருக்கிறான் இந்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு நாள் இல்லை, பல நாள்.

முதலாளி கத்தவில்லை. லோடு ஏற்றியாகிவிட்டது, இந்த ஒரு நடை போய் வரட்டும், வந்ததும் சாவியை வாங்கிவிடு என்று குழந்தைவேலிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாரப்பனைக் கம்பெனிக்குக் கூட்டிவந்ததே குழந்தைவேல்தான். அந்த வயதில் சாவி போனால் வேறு கம்பெனியில் வண்டி கிடைக்காது. சுணக்கக்காரன் என்ற பெயர் அவருக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். வண்டியை விட்டால் வேறு தொழில் தெரியாத ஆள். குழந்தைவேல் குருவிடம் போனார்.

"கணக்குத் தப்புங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"கணக்குச் சரிதானுங்க" என்றார் குரு. "பண்ணாரிக்கும் ஆசனூருக்கும் நடுவுல வண்டி எங்க இருந்துச்சுங்கண்ணா?"

"தெரியலீங்க."

"அதை எங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

குழந்தைவேல் திரையில் தேடிப் பார்த்தார். எங்கேயும் எழுதவில்லை. முதலில் பூஜ்யம் என்று எழுதினார், பிறகு அதையும் அழித்தார். தெரியாது என்று ஓர் இடத்திலும் இல்லை.

அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். கருவிகளிலிருந்து வந்த தகவல் மூட்டையைப் பிரிக்காமல் ஓர் ஓரமாக வைத்திருப்பதாகக் குரு சொன்னார். ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் மாரப்பன் வண்டியில் ஒரு நடை போய் வரச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அவர் எப்போது சொல்லியிருக்கிறார்.

காலையில் ஜவ்வரிசி லோடோடு வெள்ளை லாரி கிளம்பியது. பக்கத்தில் குழந்தைவேல். மேலாளர் மாதிரி ஒருத்தர் வண்டியில் ஏறியது மாரப்பனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். ஆனால் உட்கார விரிப்பைத் தட்டிப் போட்டதோடு சரி. பவானி தாண்டி, சத்தியமங்கலம் தாண்டிப் பண்ணாரியில் வண்டியை ஓரம் கட்டினார். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கோயில் புற்றுமண்ணால் ஸ்டியரிங்கில் ஒரு பொட்டும், தன் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, குழந்தைவேல் பக்கமும் கையை நீட்டினார்.

இரண்டு வளைவு ஏறியதும் குழந்தைவேலின் போனில் டவர் போயிற்று. இன்னும் சில வளைவுகள் ஏறியதும் உலகமே போயிற்று. மேகம் ரோட்டின் மேல் இறங்கியிருந்தது. மரம் போனது, பள்ளம் போனது, வண்டியின் மூக்கும் போனது. திறந்த ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கிடங்குக்கு ரோடு இதுதானோ என்று குழந்தைவேலுக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது. பின்னால் மூட்டைகள் மிதக்கின்றனவா என்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

ஒரு வளைவில் பஞ்சு லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றது. பின்பக்கம் மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. மாரப்பன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், சீட்டுக்கு அடியிலிருந்து சக்கரத்துக்கு அடை கொடுக்கும் கட்டையை எடுத்தார், மேகத்துக்குள் இறங்கிப் போனார். அப்புறம் குரல் மட்டும் வந்தது. வா, வா, ஸ்டியரிங்க ஒடி, நில்லு. யாரோ இருமினார்கள். வேறு யாரோ சிரித்தார்கள். எவ்வளவு நேரம் என்று குழந்தைவேலுக்குத் தெரியாது. அங்கே நேரம் என்று ஒன்று இருந்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை. பாறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த மாரப்பன் கட்டையை இருந்த இடத்தில் வைத்தார். கைகள் ஈரமாக இருந்தன.

தினமும் இப்படித்தானா என்ற கேள்வி குழந்தைவேலுக்கு வாய் வரை வந்தது. மாரப்பன் அடுத்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் சாவி விஷயத்தையும் சொல்ல வேண்டி வரும். கேட்காமல் விட்டுவிட்டார்.

ஊர் திரும்பியதும் குரு முதல் கேள்வியாக, நேற்று மத்தியானம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். திம்பத்தில் என்றார் குழந்தைவேல். குரு திரையைத் திருப்பினார். அந்த நடையையும் சீடரின் பழைய வழியிலேயே பூஜ்யம் போட்டு ஏற்றி வைத்திருந்தார்.

துடைத்த நீலத்தில் ஒற்றைப் பொட்டு. வெள்ளை லாரி. அதற்குள் அவரும் இருந்தார்.

குழந்தைவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓரமாக வைத்திருந்த மூட்டையைப் பிரித்து முதலிலிருந்து அடுக்கினார். காலிக் கட்டம் வந்த இடத்தில் எல்லாம் விரல் பூஜ்யத்துக்குப் போனது, போய்த் திரும்பி வந்தது. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தை விடுவது பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

மறுநாள் புது ரிப்போர்ட்டோடு இருவரும் முதலாளி அறைக்குப் போனார்கள். மாரப்பன் பெயர் கடைசியில் இல்லை, முதலிலும் இல்லை. அவருக்கு எதிரே பாதிக் கட்டம் காலி.

முதலாளிக்கு முகம் சிவந்தது. காசைக் கொட்டி மேகத்தில் கிடங்கு கட்டியது காலிக் கட்டத்தைப் பார்க்கவா என்றார்.

"ஏப்பா குழந்தைவேலு, அந்த நேரமெல்லாம் அவன் என்னதான் பண்ணுனான்?"

குழந்தைவேலுக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. பஞ்சு லாரி, கட்டை, ஈரக் கை. எல்லா நாளும் அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாரப்பன் பிழைத்துக்கொள்வார். ஒரு நாளைப் பார்த்துவிட்டு மற்ற நாளையெல்லாம் அதாலேயே அடைத்துவிடலாம். அடைக்க அவருக்கா தெரியாது. குருவைப் பார்த்தார். குரு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளு தெரியுமுங்க. எடஞ்சலா நின்ன வண்டிக்குக் கட்டை போட்டு ஏத்திவிட்டாருங்க" என்றார் குழந்தைவேல். "மத்த நாளு எனக்குத் தெரியாதுங்க."

அந்த அறையில் அவர் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலாளி அவரை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் புரட்டினார், மூடினார். பிறகு கோகிலவாணி பக்கம் திரும்பினார்.

"உங்க கிடங்குலயும் இல்ல, இவனுக்கும் தெரியல. அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?"

குரு ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அவரு காலையில இருந்து சாவியோட கீழதானுங்க நிக்கறாரு. இன்னும் யாரும் கேக்கலீங்க."