ஆள் வருதா?

"இந்த ஊர்ல இருந்துகிட்டு ஒரு வரி எழுத முடியாது டீச்சர்," என்றார் வேலப்பன்.

வேலப்பன் நாடகம் எழுதுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ரெஜினா டீச்சர் அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் வேலப்பன் தன் வீட்டுக்கு டீச்சர் வந்தால் நின்றுகொண்டுதான் பேசுவார்; இன்றும் அப்படித்தான்.

புது நாடகத்தில் கடைசிக் காட்சி இன்னும் வரவில்லை. நாளைக் காலைக்குள் தராவிட்டால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வதாக இயக்குநர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு.

"திங்கள் புத்தக வெளியீடு. செவ்வாய் கச்சேரி. நேத்து ஓவியக் கண்காட்சி. இன்னிக்கு ஆறு மணிக்குப் பாராட்டு விழா, நான்தான் தலைமை. கீழ கார் வந்து நிக்குது."

"போகலன்னா?"

"தப்பா நினைப்பாங்க. நீங்க இயக்குநர்கிட்ட ஒரு வாரம் வாங்கிக் குடுங்க. ஏலகிரில ரூம் போட்டு முடிச்சிடறேன்."

கீழே ஹாரன் அடித்தது.

"ரெண்டாவது காட்சில மாமியாரும் மருமகளும் ஒரு டம்ளர் காபிக்கு அடிச்சிக்கறாங்களே, அது எங்க கிடைச்சது?"

"சபா கேன்டீன்ல. பக்கத்து மேசைல நடந்தது."

"ஏலகிரில யாரு அடிச்சிக்கப் போறாங்க?"

வேலப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்போ விழாவுக்குப் போகச் சொல்றீங்களா?"

"அந்தக் காட்சிய எங்க உக்காந்து எழுதினீங்க?"

அவர் மூலையைக் காட்டினார். ஒரு மேசை, ஒரு நாற்காலி. விழாக்களில் போர்த்திய பொன்னாடைகள் குவிந்து நாற்காலியே தெரியவில்லை. மேலே கிடந்தது நேற்றையது.

மறுபடி ஹாரன். வேலப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

டீச்சர் எழுந்து மூலைக்குப் போனார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இயக்குநர் சொன்ன வேற ஆள் நான்தான் சார்."

வாசலைத் தாண்டப் போன வேலப்பன் திரும்பினார்.

கூட்டமான பஸ்ஸில், துண்டு போட்ட சீட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் போல டீச்சர் பொன்னாடைகளைக் காட்டிக் கேட்டார்.

"இங்க ஆள் வருதா? இல்ல, நான் உக்காந்துக்கவா?"

ஹாரன் நிற்காமல் அடித்தது.

வேலப்பனின் ஒரு செருப்பு வாசலில் கிடந்தது. இன்னொன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆள் வருது டீச்சர்!" என்று கத்தியபடி அவர் ஓடி வந்தார்.