தேங்காய் உரிக்கும் இயந்திரமும் தரக்குழுவும்

கரிச்சான்பட்டிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் திட்டங்களைத் தரம் பார்க்க ஒரு குழு போட்டார்கள். மூன்று பேர். தலைவர் சபாநாயகம், உறுப்பினர்கள் குஞ்சிதபாதமும் செண்பகவல்லி அம்மாளும். மூவரும் வாங்கிய பட்டங்களை எழுதினால் கதைக்கு இடம் இருக்காது, விட்டுவிடுவோம். விதிமுறையில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது என்று துணைவேந்தர் சொல்லி அனுப்பினார். அவர் செய்த தப்பு அதுதான்.

முதலில் மாட்டியவள் அமுதினி. தேங்காய் உரிக்கும் இயந்திரம் செய்திருந்தாள். தேங்காயை மேலே போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் மட்டை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் வந்து விழும். பொள்ளாச்சியில் ஒரு கயிறு ஆலையில் அவளுக்கு வேலை காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தேர்ச்சிக் கடிதத்தோடு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். குழு வந்தது திங்கட்கிழமை.

அமுதினி வணக்கம் சொல்லி இயந்திரத்தை விளக்க ஆரம்பித்தாள். மூவரும் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்கள். சோதிப்பவர்களுக்குத் திட்டத்தைப் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்கக் கூடாது என்பது முதல் விதி. அவள் பேசி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு, விளக்கம் தெளிவாக இல்லை என்று குறித்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

செவ்வாயன்று ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்று விதி இருந்தது. எனவே சுவிட்சைப் போட்டதும் அவளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, கதவைச் சாத்திவிட்டு, வேப்பமரத்தடியில் நின்றார்கள். உள்ளே இயந்திரம் சும்மா ஓடியது. சத்தம் நன்றாக இருப்பதாகவும், தேங்காய் எதுவும் உரிபடவில்லை என்றும் செண்பகவல்லி அம்மாள் வருத்தத்தோடு எழுதினார். யாராவது தேங்காய் போட்டால்தானே உரியும் என்று அமுதினி கேட்டாள். அது வடிவமைப்பில் உள்ள குறை என்றார் குஞ்சிதபாதம்.

அவள் விடவில்லை. ராத்திரியே பலகை அடித்து, ஜன்னல் வழியாக ஒரு சரிவு மாட்டினாள். புதனன்று வெளியில் நின்றபடியே தேங்காயை உருட்டிவிடப் போனபோது தலைவர் கையை நீட்டி மறித்தார்.

"ஏம்மா, இது சோதனைப் பொருள்தானே?"

"ஆமாங்க சார்."

"சோதனைப் பொருள் முன்னாடி எப்படி இருந்துச்சோ, பின்னாடியும் அப்படியே இருக்கணும். விதியில போட்டிருக்கு. உரிச்சிட்டா எப்படிம்மா அப்படியே இருக்கும்?"

மூவரும் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள். உரித்தபின் மட்டையை மறுபடி ஒட்டிவிடலாமே என்றார் குஞ்சிதபாதம். பசை பட்டால் தேங்காயின் தரம் கெடும் என்றார் செண்பகவல்லி அம்மாள். நல்ல வாதம்தான். வியாழக்கிழமையும் அதிலேயே போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அமுதினிக்குக் கோபம் தலைக்கேறியது. பொள்ளாச்சி பஸ் கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது. விறுவிறுவென்று மளிகைக் கடைக்குப் போனாள், உரித்த தேங்காய் ஒன்று வாங்கி வந்தாள், சரிவில் உருட்டிவிட்டாள். இயந்திரம் கடகடவென்று ஓடி, அதை அப்படியே மறுபக்கம் தள்ளியது.

இயந்திரம் நின்றதும் மூவரும் உள்ளே போய்க் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். போட்டபோது இருந்தபடியே இருந்தது. மட்டை துளிகூட இல்லை. இவ்வளவு சுத்தமான உரிப்பைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று தலைவர் நெகிழ்ந்துபோய் அங்கேயே தேர்ச்சிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அமுதினி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். புத்திசாலிப் பெண்.

இயந்திரத்தைப் பல்கலைக்கழகமே வாங்கி விடுதிச் சமையலறையில் வைத்தது. குழு சோதித்த முறையிலேயே அதை ஓட்ட வேண்டும் என்பதால், தேங்காயை முதலில் உரித்துக் கொடுக்கக் கடப்பாரையோடு இரண்டு ஆட்களையும் வேலைக்குப் போட்டார்கள். சமையல்காரர் ஒண்டிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு தலைவரிடம் போனார்.

"ஐயா, இவங்களே உரிச்சிடறாங்களே. அப்புறம் மெஷின் எதுக்குங்க?"

சபாநாயகம் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"மெஷின்ல போடாம, அது உரிச்ச தேங்காதான்னு எப்படிய்யா தெரியும்?"